யாரிடம் போய் முறையிடுவது?

1909 நவம்பரில் இங்கிலாந்தின் 'ஆக்ஸ்ஃபோர்ட் அண்ட் கேம்பிரிட்ஜ் ரிவ்யூ' இதழில் நீளமான ஒரு சிறுகதை வெளியாயிற்று. 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்பது தலைப்பு. எழுதிய இ. எம். ஃபார்ஸ்டருக்கு அப்போது வயது 30. பதினைந்து ஆண்டு கழித்து 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதி இந்திய வாசகர்களுக்கு நெருக்கமான அதே ஃபார்ஸ்டர்தான். 1909 ஜூலையில்தான் லூயி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்திருந்தார். வானொலி வீடுகளுக்குள் வர இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. விஞ்ஞானம் கட்டித்தரப் போகும் சொர்க்கத்தைப் பற்றி எச். ஜி. வெல்ஸ் அடுத்தடுத்து எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சொர்க்கங்களில் ஒன்றுக்கு மறுமொழியாகவே இந்தக் கதையை எழுதியதாக ஃபார்ஸ்டர் பிற்காலத்தில் சொன்னார்.

கதையில் மனிதர்கள் நிலத்துக்கு அடியில் வாழ்கிறார்கள். ஆளுக்கு ஓர் அறுகோண அறை. சாப்பாட்டுக்கு ஒரு பொத்தான், வெந்நீர்க் குளியலுக்கு ஒரு பொத்தான், இசைக்கு ஒரு பொத்தான். வஷ்டி என்ற பெண் அறையை விட்டு நகராமலே ஆயிரக்கணக்கான பேரோடு பழக்கம் வைத்திருக்கிறாள். ஆஸ்திரேலியக் காலத்து இசையைப் பற்றி இருந்த இடத்திலிருந்தே சொற்பொழிவு ஆற்றுகிறாள். கேட்பவர்களும் அவரவர் அறையில்தான் இருக்கிறார்கள். மகன் கூனோ பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறான். வட்டமான ஒரு தகட்டில் நீல ஒளியில் அவன் முகம் தெரிகிறது. அம்மா நேரில் வர வேண்டும் என்கிறான் அவன். அந்த வேண்டுகோளே அவளுக்கு விளங்கவில்லை. முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, இதற்கு மேல் நேரில் என்ன இருக்கிறது என்பது அவள் நினைப்பு.

கொரோனா ஊரடங்கின்போது இந்தக் கதையை உலகெங்கும் பலர் தேடி எடுத்துப் படித்தார்கள். படித்தவர்களுக்கு வந்த வியப்பு இயல்பானது. வீடியோ அழைப்பு, இணையவழி வகுப்பு, வீட்டு வாசலுக்கே வரும் சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஒருவர் 1909லேயே எழுதிவிட்டார் அல்லவா? ஆனால் சாதனங்களை முன்கூட்டிச் சொல்வது சோதிடத்துக்கு நெருக்கமான வேலை. நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தக் கதை மனத்தைத் தொந்தரவு செய்வதற்குக் காரணம் அதன் மூன்றாம் பகுதியில் இருக்கிறது.

அங்கே இயந்திரம் மெல்லப் பழுதாகத் தொடங்குகிறது. முதலில் வஷ்டி கேட்கும் இசையில் இடையிடையே பெருமூச்சு போல ஒரு சத்தம் வருகிறது. பழுதுபார்க்கும் குழுவிடம் புகார் சொல்கிறாள். விரைவில் சரியாகிவிடும் என்று பதில் வருகிறது. சரியாகவில்லை. மறுபடி கேட்டால், புகார் மத்தியக் குழுவுக்கு உரிய காலத்தில் அனுப்பி வைக்கப்படும் என்கிறார்கள். நாள் போகப்போக அந்தப் பெருமூச்சு அவள் காதுக்குப் பழகிவிடுகிறது, பாட்டிலேயே அது ஒரு பகுதி என்று ஆகிவிடுகிறது. செயற்கைப் பழங்களில் பூஞ்சை பிடிக்கிறது. குளியல் தண்ணீர் நாறுகிறது. கவிதை இயந்திரம் எதுகை தப்பிய பாடல்களைத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் கூச்சல் எழுகிறது, பிறகு ஏற்றுக்கொள்கிறார்கள், பிறகு மறந்தே போகிறார்கள். ஒரு நாள் தூங்குவதற்கான படுக்கையே வராமல் நிற்கிறது. அப்போதுதான் குழு உண்மையை ஒப்புக்கொள்கிறது: பழுதுபார்க்கும் கருவியே பழுதாகிவிட்டது.

இந்த வரிசையை இன்னொரு முறை பார்க்க வேண்டும். இயந்திரம் மனிதர்மேல் பாயவில்லை. உலோகப் படை எதுவும் கிளம்பவில்லை. சர்வாதிகாரி என்று யாரும் கிடையாது. பழுது தெரிகிறது, புகார் போகிறது, பதிலும் வருகிறது. ஆனால் அந்தப் புகாரைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஆமாம், தப்பு எங்கள் பக்கம்தான்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

எச்சரிக்கைக் கதைகளின் வரலாற்றில் இது தனித்து நிற்கும் இடம். சாமுவேல் பட்லர் 1872இல் எழுதிய 'எரெவன்' நாவலில் ஒரு நாடே பயந்துபோய் இயந்திரங்களை விலக்கி வைக்கிறது. காரெல் சாபெக் 1921இல் பிராகில் மேடையேற்றிய நாடகத்தில் ரோபோக்கள் கலகம் செய்கின்றன. ஸமியாத்தின், ஹக்ஸ்லி, ஆர்வெல் மூவரிடமும் மேலே உட்கார்ந்து ஆளும் ஒரு முகம் உண்டு. அவை பெரிய படைப்புகள், ஐயமில்லை. ஆனால் எதிரிக்கு ஒரு முகம் இருந்தால் வாசகருக்கு ஒரு நிம்மதியும் கூடவே கிடைத்துவிடுகிறது, அந்த முகத்தை வெறுத்தால் போதும். ஃபார்ஸ்டர் அந்த நிம்மதியைத் தரவில்லை. அவர் கதையில் எல்லாரும் நல்லவர்கள், நாகரிகமானவர்கள், வசதியாக இருப்பவர்கள். அப்படியே செத்துப்போகிறார்கள்.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாதபடி ஃபார்ஸ்டரின் நாட்டிலேயே ஒரு சம்பவம் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் ஊர்களில் சப்-போஸ்ட்மாஸ்டர் என்பவர் பெரும்பாலும் ஒரு சிறு கடைக்காரர். மளிகை, செய்தித்தாள், மிட்டாய் விற்கும் கடையின் ஒரு மூலையில் தபால் கவுண்டர் இருக்கும். ஓய்வூதியம் வாங்க வரும் முதியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு ஊரோடு பழகியவர். இந்தியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய குடும்பங்கள் பலவும் இந்தத் தொழிலில் இருந்தன. 1999 முதல் இந்தக் கவுண்டர்களில் ஹொரைசன் என்ற கணினி முறை பொருத்தப்பட்டது. மென்பொருளைக் கட்டிக் கொடுத்துப் பராமரித்தது ஃபுஜிட்சு நிறுவனம்.

கணக்கு முடிக்கும் நேரத்தில் திரை ஒரு தொகையைக் காட்டும், கல்லாவில் அதைவிடக் குறைவாக இருக்கும். ஆயிரம் பவுண்டு, ஐயாயிரம் பவுண்டு என்று துண்டு விழும். ஒப்பந்தப்படி குறைந்த பணத்தை சப்-போஸ்ட்மாஸ்டர்தான் ஈடுகட்ட வேண்டும். சேமிப்பை எடுத்துப் போட்டார்கள், வீட்டை அடகு வைத்தார்கள், சொந்தக்காரர்களிடம் கடன் வாங்கினார்கள். உதவி எண்ணுக்குப் போன் செய்தவர்களில் பலருக்கு ஒரே பதில் கிடைத்தது: வேறு யாருக்கும் இப்படி நடக்கவில்லை, உங்களுக்கு மட்டும்தான். நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் தனித்தனியாக இதே பதிலைக் கேட்டு, தனித்தனியாகத் தங்கள் மேலேயே சந்தேகப்பட்டார்கள். ஃபார்ஸ்டரின் மனிதர்கள் தனித்தனி அறைகளில் இருந்தது போலவே இவர்களும் தனித்தனிக் கவுண்டர்களில் இருந்தார்கள்.

பிழை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்ற ஊரில் ஒரு சப்-போஸ்ட்மாஸ்டர் 8,000 பவுண்டு ரொக்கத்தை ஒரு துணைக் கிளையின் கணக்குக்கு மாற்றப் போனார். திரை உறைந்து நின்றது. எவரும் செய்வதுபோல அவரும் என்டர் விசையை மறுபடி மறுபடி தட்டினார். வெளியே எதுவும் நகரவில்லை. உள்ளே ஒவ்வொரு தட்டலும் ஒரு புதிய 8,000 பவுண்டாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. முடிவில் கணக்கில் 32,000 பவுண்டு, கையில் இருந்ததோ 8,000. இல்லாத 24,000 பவுண்டுக்கு ஒரு மனிதர் பொறுப்பாளி ஆனார். ஒரு விசை, நான்கு தட்டல், அவ்வளவுதான். இந்தப் பிழைக்குப் பின்னாளில் அந்த ஊரின் பெயரே வைக்கப்பட்டது.

பலர் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். அங்கே இன்னொரு கதவும் மூடியிருந்தது. 1984ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் ஒன்று, கணினித் தகவலைக் குற்ற வழக்கில் சாட்சியமாக வைக்க வேண்டுமானால் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தது. நடைமுறைக்கு ஒத்துவராத தொல்லை என்று 1999இல் அந்த விதி நீக்கப்பட்டது. அதன்பின் கணினி சரியாகவே இயங்கியது என்பதுதான் நீதிமன்றத்தின் தொடக்க நம்பிக்கை. அது பிழைபட்டது என்று காட்ட வேண்டிய பாரம் கடைக்காரர் தலையில் விழுந்தது. கணினியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு வழியும் இல்லை, உரிமையும் இல்லை. ஹொரைசன் கவுண்டர்களுக்கு வந்த அதே ஆண்டில் இந்தச் சட்டமும் மாறியது என்பது மனத்தை உலுக்குகிற ஒற்றுமை.

1999க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணி ஒருவர் 2010இல் தன் மகனின் பத்தாவது பிறந்தநாளன்று சிறைக்கு அனுப்பப்பட்டார். இந்த விவகாரத்தால் 13 பேராவது உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று பொது விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் சொன்னது. ஊருக்கு நேர்மையாளர் என்று அறியப்பட்ட மனிதர்கள் கடைத்தெருவில் திருடர் என்று எச்சில் துப்பப்பட்டார்கள். காரணம் ஒரு மென்பொருள் என்று சொன்னால் பாதி உண்மைதான். மென்பொருளில் பிழை இருப்பது உலகறிந்த விஷயம். அந்தப் பிழையை வாய்விட்டுச் சொன்னவரை நம்ப வேண்டாம் என்று ஒரு நிறுவனமும், நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒரு சட்டமும் முடிவு செய்ததுதான் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோவில் கவுண்டர் நடத்திய ஆலன் பேட்ஸ் தொடக்கத்திலேயே பணிய மறுத்தார். கணக்கை உள்ளே போய்ப் பார்க்க வழி கொடுங்கள், அதுவரை பொறுப்பேற்க மாட்டேன் என்றார். 2003இல் அவர் கவுண்டர் பறிபோனது. 2009இல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார். தங்களுக்கு மட்டும்தான் என்று நம்பியவர்கள் முதன்முறையாக ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்டார்கள். 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில், மென்பொருளில் பிழைகள் உண்டு, கணக்குகள் அவற்றால் தவறாகியிருக்கக்கூடும் என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது.

பெரும்பாலோருக்கு விடிவு அப்போதும் வரவில்லை. அதைக் கொண்டுவந்தது ஒரு நாடகம். 2024 ஜனவரியின் முதல் நான்கு நாள்களில் ஐடிவி தொலைக்காட்சி 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' என்ற நான்கு பகுதித் தொடரை ஒளிபரப்பியது. அந்த வாரம் முழுக்க பிரிட்டன் அதையே பேசியது. ஒளிபரப்பு முடிந்து ஒரு வாரத்துக்குள் பிரதமர் ரிஷி சுனக் சிறப்புச் சட்டம் வரும் என்று அறிவித்தார். மே மாதம் சட்டம் நிறைவேறி நூற்றுக்கணக்கான தண்டனைகள் ஒரே வீச்சில் நீங்கின. பத்திரிகையாளர்கள் பதினைந்து ஆண்டாக எழுதியிருந்தார்கள், நீதிபதிகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் தீர்ப்பு வழங்கியிருந்தார்கள். ஆனாலும் ஒரு பெண் கணினித் திரை முன்னால் உட்கார்ந்து, உதவி எண்ணைக் காதில் வைத்தபடி, தன் கண்முன்னே பற்றாக்குறைத் தொகை இரட்டிப்பாவதைப் பார்க்கும் காட்சி கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களை எழுந்து நிற்க வைத்தது. கதையால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அந்த ஜனவரியைக் காட்டலாம்.

ஃபார்ஸ்டரின் இன்னொரு எச்சரிக்கை, பழுதுபார்க்கும் கருவியே பழுதாவது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்புப் பிணையத்தையே துண்டித்துவிட்டது. அப்படித் தவறான கட்டளை வந்தால் தடுக்க வேண்டிய தணிக்கை மென்பொருளிலும் பிழை இருந்தது. கோளாறைக் கண்டுபிடிக்கப் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதே பிணையத்தை நம்பியிருந்ததால் அவையும் செயலிழந்தன. கடைசியில் ஆள்களை நேரில் அனுப்ப வேண்டி வந்தது. யாரும் எளிதில் புக முடியாதபடி கட்டப்பட்ட அந்தக் கட்டடங்களுக்குள் போகவே நேரம் பிடித்தது. இதை நிறுவனமே விளக்கி வெளியிட்டது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஹொரைசன் விவகாரத்தில் கிடைக்காமல் போனது இந்த வகை ஒப்புதல்தான்.

மூன்றாவது எச்சரிக்கை உடம்பைப் பற்றியது. கதையின் உலகில் தசை வலு ஒரு குறை. பிறக்கும்போதே வலுவாகத் தெரியும் குழந்தைகளை அழித்துவிடுகிறார்கள். கூனோ தரைக்கு மேலே ஏற முடிவு செய்யும்போது முதலில் தன் அறைக்கு வெளியே நடைபாதையில் மேலும் கீழும் நடந்து பழகுகிறான், தலையணையைக் கையில் தூக்கிப் பிடித்துப் பயிற்சி செய்கிறான். படிக்கும்போது அந்த இடம் நெஞ்சைப் பிசைகிறது.

1983இல் லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 'ஆட்டோமேட்டிகா' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தானியங்கி முறையைக் கொண்டுவருபவர்கள் எளிய வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தால் முடியாத மிகக் கடினமான தருணத்தை மட்டும் மனிதரிடம் விடுகிறார்கள். அன்றாடம் கைப்பழக்கம் இல்லாத மனிதர் அந்தத் தருணத்தில் திணறுவார் என்பது அவர் வாதம்.

2009 ஜூன் 1ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் அந்த வாதம் கண்ணீரோடு மெய்யானது. அட்லாண்டிக் கடலுக்கு மேலே நள்ளிரவு தாண்டி, வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்தது. வேக அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால் தானியங்கி ஓட்டி விலகிக்கொண்டது. தலைமை விமானி அப்போதுதான் ஓய்வெடுக்கப் பின்னால் போயிருந்தார். விமானத்தை எதுவும் செய்யாமல் நேராகப் பிடித்திருந்தால் போதும். குழாய்கள் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டன. ஆனால் திடீரென்று கைக்கு வந்த விமானத்தின் மூக்கு மேல்நோக்கி இழுக்கப்பட்டது. தாங்குவிசை இழந்து அது நான்கரை நிமிடத்துக்குள் கடலில் விழுந்தது. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த உயரத்தில், வேகமானி நம்பத் தகாத நிலையில், கையால் ஓட்டும் பயிற்சி துணை விமானிகளுக்குத் தரப்பட்டிருக்கவில்லை என்று 2012இல் பிரெஞ்சுப் புலனாய்வு அமைப்பு எழுதியது. அடுத்த ஆண்டே அமெரிக்க விமானத் துறை, விமானிகள் வாய்ப்புள்ளபோதெல்லாம் கையால் ஓட்டிப் பழக வேண்டும் என்று விமான நிறுவனங்களை வலியுறுத்தியது. நட்சத்திரம் பார்த்துத் திசை கணிக்கும் பாடத்தைக் கைவிட்டிருந்த அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015இல் அதை மறுபடி சேர்த்தது. கைப்பேசியிலேயே காசு கொடுக்கப் பழகிவிட்ட சுவீடனில் அரசு 2024 நவம்பரில் வீடு வீடாக அனுப்பிய கையேடு, கொஞ்சம் ரொக்கமும் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நட்டநடுப் பகலில் மின்சாரம் முழுவதுமாக நின்றபோது மக்கள் கடைகளில் தேடி வாங்கியதும் அந்த ரேடியோவைத்தான்.

தமிழ் வாசகருக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. ஆனந்த விகடனில் 1980களில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை வாரம் தவறாமல் படித்தவர்கள் இன்றும் இருப்பார்கள். 2020களின் தொடக்கத்து இந்தியாவில், பெயரில் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது என்று அரசு விதித்திருக்கும் ஆட்சியில், பிள்ளை பெறவும் அனுமதி வாங்க வேண்டிய நாட்டில் நடக்கும் கதை. ஜீனோ என்ற ரோபோ நாயை நினைவில் வைத்திருப்பவர்கள் நிறைய. நாட்டையே ஆளும் ஜீவா ரத்தமும் சதையுமான ஆள் இல்லை, ஒளியால் ஆன ஒரு பிம்பம் என்று தெரியவரும் இடத்தை மறந்தவர்களும் நிறைய. முறையிட வேண்டிய இடத்தில் ஒரு பிம்பம் மட்டும் இருக்கிறது என்ற அந்தக் கற்பனை, ஃபார்ஸ்டரின் குழுவுக்கு வெகு அருகில் வருகிறது. எழுதியவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். இயந்திரத்தை வெறுத்தவர் எழுதிய கதை அன்று. அதைத் தன் கையால் கட்டத் தெரிந்தவர் எழுதியது.

எச்சரிக்கைக் கதைகள் முன்னேற்றத்துக்கு எதிரி என்ற குற்றச்சாட்டு பழையது. கூனோகூட இயந்திரத்தை உடைக்கக் கிளம்பவில்லை. அதைச் செய்தது மனிதர் என்பதை மறந்து வணங்கத் தொடங்கியதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. ஊரடங்கில் அந்தத் திரைகள் இல்லாதிருந்தால் எத்தனையோ வீடுகளில் தனிமை ஆளைத் தின்றிருக்கும். வங்கி வாசலில் பாதி நாள் காத்திருந்தவர்களுக்குக் கைப்பேசிப் பணப் பரிமாற்றம் எவ்வளவு பெரிய விடுதலை என்பதும் தெரியும்.

விடுதலை எல்லாருக்கும் ஒரே மாதிரி வரவில்லை என்பதைப் பார்க்க ரேஷன் கடைக்குப் போனால் போதும். தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. களை பிடுங்கியும் செங்கல் சுமந்தும் பாத்திரம் தேய்த்தும் வாழ்ந்த விரல்களில் ரேகை மங்கிப் போயிருக்கும். மூதாட்டி கட்டைவிரலை வைக்கிறார், மெஷின் ஏற்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். ஆள்காட்டி விரல், அடுத்த விரல், இன்னொரு கை. பின்னால் வரிசை நீள்கிறது. "ரேகை விழலம்மா" என்கிறார் விற்பனையாளர். "சர்வர் ஸ்லோ" என்பது இன்னொரு நாள் பதில். பொய்யான கணக்கில் பொருள் கடத்தப்படுவதைத் தடுக்க வந்த கருவி இது, நோக்கம் சரியானதே. ஆனால் அந்த மூதாட்டி யார் என்று கடையில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். மெஷினுக்கு மட்டும் தெரியவில்லை. முடிவெடுப்பது மெஷின்.

இதன் கொடிய எல்லை ஜார்க்கண்டில் தெரிந்தது. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டு மாதக்கணக்கில் ரேஷன் கிடைக்காமல் பட்டினியால் செத்தாள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மலேரியாதான் காரணம் என்றது அரசு. அடுத்த மாதமே மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது: ஆதார் இல்லை, இணைக்கவில்லை, ரேகை விழவில்லை என்ற காரணங்களுக்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது. கொடுத்துவிட்டு, விதிவிலக்கு என்று தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

சட்டப் புத்தகத்திலும் இதற்கு ஒப்பான ஓர் இடம் உண்டு. கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்டத் தேவையில்லை என பிரிட்டன் தன் விதியைக் கைவிட்ட அதே வேளையில், இந்தியா அதற்கு நேர்மாறாக 2000ஆம் ஆண்டில் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவைச் சேர்த்தது. கணினிப் பதிவைச் சாட்சியமாக வைப்பவர் அந்தக் கணினி முறையாக இயங்கியதற்குச் சான்றிதழ் தர வேண்டும். அது கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு பொறுப்பாளரின் கையெழுத்தோடு நிபுணர் ஒருவரின் கையெழுத்தையும் கேட்கிறது. அந்தக் கையெழுத்து வெறும் சடங்காகிவிடாமல் பார்த்துக்கொள்வது வழக்கறிஞர்கள், நீதிபதிகள் கையில் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசோ, ஹொரைசனுக்குப் பிறகு, கைவிட்ட விதியைப் பற்றி மறுபடி யோசிப்பதற்காக 2025 ஜனவரியில் பொதுமக்களிடமும் நிபுணர்களிடமும் கருத்துக் கேட்கத் தொடங்கியது.

நீதிமன்றத்தில் கிடைக்கும் அந்தச் சந்தேகத்தின் பலன் ரேஷன் கவுண்டருக்கும், ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்க வரிசையில் நிற்கும் முதியவருக்கும், செயலி கணக்கை முடக்கியதால் அன்றைய கூலியை இழக்கும் டெலிவரி இளைஞருக்கும் வர வேண்டும். அங்கெல்லாம் மெஷினின் முடிவை மாற்ற அதிகாரம் உள்ள ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவர் பெயரும் எண்ணும் சுவரில் எழுதியிருக்க வேண்டும். முறையீடு கொடுத்தவருக்குத் தேதி போட்ட ரசீது கிடைக்க வேண்டும். 2017ஆம் ஆண்டுக் கடிதம் சொன்ன அந்தப் பதிவேடு எந்தக் கடையில் இருக்கிறது, கடைசியாக எப்போது அதில் எழுதினார்கள் என்று கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க யாருக்கும் உரிமை உண்டு. அடுத்த கிராம சபையில் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்.